வாசகர் கேள்வி – பதில்: குவார்ட்ஸ் படிகமும் விண்டர்தூர் ஆய்வகமும்

இந்த இதழில் ஒரே பொருளைச் சார்ந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகங்களைக் கொண்டு விசையையும் அழுத்தத்தையும் அளக்கும் பீசோ உணரிகள், ஒரு சுவிஸ் பொறியியல் நிறுவனத்தில் எப்படி நடைமுறைக் கருவிகளாக வளர்ந்தன, அவற்றால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதே அந்தப் பொருள்.

குன்னூரிலிருந்து ஒரு வாசகர்: மலை ரயிலின் நீராவி எஞ்சின்களைச் செய்த விண்டர்தூர் நிறுவனத்தில்தான் தொழிற்சாலைகளில் பயன்படும் பீசோ உணரிகளும் பிறந்தன என்று ஒரு பொறியாளர் சொன்னார். எஞ்சின் செய்பவர்களுக்கும் படிகத்துக்கும் என்ன தொடர்பு?

அவர் சொன்னது பெரும்பாலும் சரி. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே பற்சட்டத் தண்டவாளத்தில் ஏறும் எக்ஸ் வகை எஞ்சின்களைச் செய்தது, சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 1871ஆம் ஆண்டில் சார்ல்ஸ் பிரவுன் தொடங்கிய ‘சுவிஸ் லோகோமோட்டிவ் அண்ட் மெஷின் வொர்க்ஸ்’. சுருக்கமாக எஸ்.எல்.எம். என்பார்கள். 1914க்கும் 1925க்கும் இடையில் 12 எஞ்சின்களும், 1952இல் மேலும் 5 எஞ்சின்களும் அங்கிருந்து நீலகிரிக்கு வந்தன. கடைசி ஐந்தும் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1950இல், அதே நிறுவனத்தின் அளவீட்டு ஆய்வகத்தை நடத்திவந்த வால்டர் கிஸ்ட்லர் என்பவர், பீசோ படிகத்தின் மின்னூட்டத்தை நம்பகமாக அளக்கும் ஒரு மின்சுற்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று ‘மின்னூட்டப் பெருக்கி’ எனப்படும் அந்தச் சுற்றிலிருந்துதான் தொழிற்சாலைக்கு ஏற்ற பீசோ அளவீடு தொடங்குகிறது.

எஞ்சின் செய்பவருக்குத் தீராத ஒரு கேள்வி உண்டு: சிலிண்டருக்குள் அழுத்தம் ஒவ்வொரு கணமும் எவ்வளவு? நீராவிக் காலத்தில் இதற்கு ஒரு எந்திரக் கருவி இருந்தது. சிறு பிஸ்டன் ஒன்று சுருள்வில்லை அழுத்த, அதனோடு இணைந்த எழுதுகோல் ஒரு காகித உருளையில் வளைவரை வரையும். மெதுவாக ஓடும் நீராவி எஞ்சினுக்கு இது போதுமானது. டீசல் எஞ்சின் வந்தபின் இது தடுமாறியது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் கிராங்க் தண்டு ஒரு டிகிரி திரும்ப ஏறத்தாழ 55 மைக்ரோ விநாடிதான் ஆகிறது. எழுதுகோலும் வில்லும் தங்கள் எடையாலேயே பின்தங்கி, அழுத்தத்தை வரைவதற்குப் பதிலாகத் தங்கள் அதிர்வையே வரைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவே அமுங்கி, அந்தக் கணமே பதில் தரும் ஒரு பொருள் தேவைப்பட்டது. குவார்ட்ஸ் அத்தகையது.

இதில் வியப்பு, குவார்ட்ஸின் இந்தக் குணம் அப்போது புதிதல்ல என்பதுதான். பாரிஸில் ஜாக் கியூரியும் அவருடைய தம்பி பியர் கியூரியும் 1880இலேயே டூர்மலின், குவார்ட்ஸ், புஷ்பராகம், கரும்புச் சர்க்கரை, ரோஷல் உப்பு ஆகியவற்றில் அழுத்த மின் விளைவைக் கண்டுவிட்டார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் உருமாறும் என்று அடுத்த ஆண்டே இயற்பியலாளர் லிப்மன் கணித்துச் சொல்ல, கியூரி சகோதரர்கள் அதையும் சோதித்து உறுதிசெய்தார்கள். மேரி கியூரி கதிரியக்கத்தை அளந்தபோது, எடை தொங்கவிட்ட குவார்ட்ஸ் தகட்டின் மின்னூட்டத்தைக் கொண்டே கதிர்வீச்சால் எழுந்த மின்னோட்டத்தைச் சமன்செய்தார். முதல் உலகப் போரின்போது இயற்பியலாளர் லான்ஜவன் குவார்ட்ஸ் தகடுகளால் நீருக்கடியில் ஒலியலைகளை அனுப்பினார். 1920களில் வானொலி நிலையங்களின் அதிர்வெண்ணைக் குவார்ட்ஸ் நிலைநிறுத்தத் தொடங்கியது. இத்தனைக்குப் பிறகும், எஞ்சின் சோதனை மேடையில் அன்றாடம் நம்பிப் பயன்படுத்தும் அளவுகருவியாக அது மாறத் தாமதமானதற்குக் காரணம் படிகத்தில் இல்லை. படிகம் தரும் மின்னூட்டம் மிகச் சொற்பம்; அது அளவுகருவியைச் சென்று சேர்வதற்குள் கேபிளிலும் இணைப்பியிலும் ஈரக்காற்றிலும் கசிந்துவிடும். அந்தக் கசிவை அடக்கியதுதான் விண்டர்தூரில் நடந்த வேலை.

கிஸ்ட்லர் 1951இல் அமெரிக்கா சென்று பஃபலோவில் பெல் விமான நிறுவனத்தில் சேர்ந்தார். 1957இல் அங்கேயே தம் பெயரில் ஒரு கருவி நிறுவனத்தைத் தொடங்கினார். விண்டர்தூரில் அவருடன் பணிபுரிந்த ஹான்ஸ் கான்ராட் சோண்டெரெக்கரும் அவரும் சேர்ந்து 1959இல் விண்டர்தூரிலேயே கிஸ்ட்லர் நிறுவனத்தை நிறுவினார்கள். ஆகவே உங்கள் பொறியாளர் சொன்னதில் ஒரு சிறு திருத்தம் போதும்: யோசனை எஸ்.எல்.எம். ஆய்வகத்தில் பிறந்தது, தொழிலாக வளர்ந்தது அதிலிருந்து வெளியே வந்த நிறுவனத்தில். பெரிய எந்திரத் தொழிற்சாலை ஒன்று தன் தேவைக்காக நடத்திய ஒரு சிறிய ஆய்வகம், அந்தத் தொழிற்சாலைக்கு அப்பாலும் நிலைத்த ஒரு துறையையே தந்தது என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு பொறியியல் மாணவி: மின்னூட்டப் பெருக்கியைப் பயன்படுத்தினால் கேபிளின் நீளம் அளவீட்டைப் பாதிக்காது என்று பாடத்தில் படித்தோம். சூத்திரம் தெரியும், ஏன் என்பது புரியவில்லை.

சூத்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எண்களோடு பார்ப்போம். ஓர் அழுத்த உணரி ஒரு பாருக்கு 20 பைக்கோகூலூம் தருகிறது என்று கொள்ளுங்கள். பார் என்பது அழுத்தத்தின் அலகு, கூலூம் மின்னூட்டத்தின் அலகு. பைக்கோகூலூம் என்பது ஒரு கூலூமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. சிலிண்டரில் 100 பார் அழுத்தம் வரும்போது 2000 பைக்கோகூலூம் கிடைக்கும். இதைச் சாதாரண மின்னழுத்தப் பெருக்கி ஒன்றில் கொடுத்தால் என்ன ஆகும்? கோஆக்சியல் கேபிள் தானே ஒரு மின்தேக்கி. மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோஃபாரட். 5 மீட்டர் கேபிளில் 500 பைக்கோஃபாரட் இருக்க, மின்னூட்டம் முழுவதும் அதில் பரவி 4 வோல்ட் காட்டும். யாராவது கேபிளை மாற்றி 10 மீட்டர் நீளமுள்ளதைப் பொருத்தினால் அதே அழுத்தம் 2 வோல்ட் ஆகிவிடும். உணரியின் சொந்த மின்தேக்கத்தை எளிமைக்காக விட்டுவிட்டேன். கேபிள் மாறும்போதெல்லாம் அளவுத்திருத்தத்தை மறுபடி செய்யவேண்டிய ஒரு கருவியை எந்தச் சோதனைக்கூடமும் விரும்பாது.

கிஸ்ட்லரின் சுற்றில் மிக அதிகப் பெருக்கம் கொண்ட ஒரு தலைகீழ்ப் பெருக்கி இருக்கிறது. அதன் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு மின்தேக்கி பின்னூட்டமாக இணைக்கப்பட்டிருக்கிறது. உள்ளீட்டு முனையில் மின்னூட்டம் வந்து மின்னழுத்தம் சற்றே எழ முனைந்த கணத்திலேயே, வெளியீடு எதிர்த்திசையில் பாய்ந்து அந்த மின்னூட்டத்தைப் பின்னூட்ட மின்தேக்கிக்குள் இழுத்துக்கொள்கிறது. எனவே உள்ளீட்டு முனையின் மின்னழுத்தம் எப்போதும் ஏறத்தாழச் சுழியிலேயே நிற்கிறது. இப்போது கேபிளை எண்ணிப்பாருங்கள்: அதன் இரு கடத்திகளுக்கும் இடையே மின்னழுத்தமே இல்லை என்றால், அந்த மின்தேக்கியில் எவ்வளவு மின்னூட்டம் தங்கும்? எதுவும் தங்காது. 2000 பைக்கோகூலூம் முழுவதும் பின்னூட்ட மின்தேக்கியைச் சேர்கிறது. அது 1000 பைக்கோஃபாரட் என்றால் வெளியீடு 2 வோல்ட், கேபிள் 5 மீட்டரானாலும் 10 மீட்டரானாலும் அதே 2 வோல்ட். அளவுகோல் கேபிளில் இல்லை, பெருக்கிப் பெட்டிக்குள் இருக்கும் ஒரே ஒரு நல்ல மின்தேக்கியில் இருக்கிறது.

பாடத்தில் விட்டுப்போகும் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேபிள் மிக நீளமானால் அளவு மாறாவிட்டாலும் இரைச்சல் கூடும். பெருக்கியின் சொந்த இரைச்சலை உள்ளீட்டு மின்தேக்கம் பெருக்கிக் காட்டும். ஆகவே நீளம் பாதிக்காது என்பதை எல்லையில்லாத உரிமையாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

காப்புரிமை பெற்ற காலத்தில் இந்தச் சுற்று எலெக்ட்ரோமீட்டர் வெற்றிடக் குழாய்களைக் கொண்டு அமைந்தது. கவனமாகக் கையாளவேண்டிய ஆய்வகப் பொருளாகவே இருந்தது. 1960களில் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரும், டெஃப்லான், கேப்டான் போன்ற மின்காப்புப் பொருள்களும் கைக்கு எட்டிய பிறகுதான் அது தொழிற்சாலைத் தளத்துக்கு இறங்கியது. பீசோ வரலாற்றை எழுதுபவர்கள் படிகத்துக்குத் தரும் இடத்தில் கொஞ்சத்தை மின்காப்புக்கும் தரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சேலத்திலிருந்து ஒரு வாசகி: சமையலறை கேஸ் லைட்டரிலும் பீசோதான் என்கிறார்கள். அது குவார்ட்ஸா? குவார்ட்ஸைவிட அதிக மின்னூட்டம் தரும் பொருள்கள் இருக்கும்போது அளவுகருவிகளில் ஏன் குவார்ட்ஸையே வைக்கிறார்கள்?

லைட்டரில் இருப்பது பீங்கான்: ஈய சிர்கோனேட் டைட்டனேட், சுருக்கமாக பி.இஸட்.டி. விசையை அழுத்தும்போது உள்ளே ஒரு வில் இறுகி, குறிப்பிட்ட இடத்தில் விடுபட்டு, சிறு சுத்தியலால் பீங்கான் உருளையைத் தட்டுகிறது. ‘டிக்’ என்ற ஓசை அதுதான். அந்த ஒரு தட்டலில் பத்தாயிரம் வோல்ட் அளவில் மின்னழுத்தம் எழுந்து முனையில் பொறியாகத் தாவுகிறது. இந்தப் பீங்கானின் சிறப்பை 1954இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயக் கழகத்தில் பெர்னார்ட் ஜாஃபியும் அவருடைய சகாக்களும் வெளிப்படுத்தினார்கள்.

குவார்ட்ஸ் ஒரு நியூட்டனுக்கு 2.3 பைக்கோகூலூம் மட்டுமே தருகிறது, பி.இஸட்.டி. வகைகள் முந்நூறு, அறுநூறு என்று தருகின்றன. பொறி எழுப்பவும், அல்ட்ராசவுண்டு கருவியில் ஒலியலையை உண்டாக்கவும், முடுக்கத்தை அளக்கவும் பீங்கான் மிகப் பொருத்தமானது. ஆனால் அதன் பீசோ குணம் பிறவிக் குணம் அல்ல. வலுவான மின்புலத்தில் வைத்து ஏற்றப்பட்டது. காலம் செல்லச் செல்ல அது சிறிது சிறிதாகக் குறையும். வெப்பமும் அதிக அழுத்தமும் அந்தச் சரிவை விரைவுபடுத்தும். போதாததற்கு, வெப்பநிலை மாறினாலே பீங்கான் மின்னூட்டம் தரும். விசைக்கு வந்த மின்னூட்டம் எது, வெப்பத்துக்கு வந்தது எது என்று பெருக்கிக்குத் தெரியாது. குவார்ட்ஸின் குணம் அதன் அணு அமைப்பிலேயே இருப்பதால் தளர்வதில்லை, வெறும் வெப்பநிலை மாற்றத்துக்கு மின்னூட்டம் தருவதும் இல்லை. நல்ல பெருக்கி கிடைத்த பின் மின்னூட்டம் குறைவு என்பது பெரிய குறையாகவும் இல்லை. அளவுகருவிக்கு உரத்த குரல் தேவையில்லை, மாறாத குரல் தேவை. விண்டர்தூரில் குவார்ட்ஸைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு.

நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி உரிமையாளர்: எடைமேடையில் பீசோ உணரி வைக்க முடியுமா?

லாரி நிற்கும் எடைமேடையில் வைப்பதில்லை. அங்கே இருப்பவை திரிபுமானி (சுமையால் உலோகம் உருமாறுவதை அளக்கும் மெல்லிய பட்டை) ஒட்டிய லோடு செல்கள். பீசோ படிகம் விசை மாறும்போது மின்னூட்டம் தருகிறது. விசை அப்படியே நின்றால் புதிதாக எதுவும் தருவதில்லை, தந்ததும் மெல்லக் கசிகிறது. ஒரு நியூட்டனுக்கு 4 பைக்கோகூலூம் தரும் உணரியில், நல்ல பெருக்கியின் கசிவு விநாடிக்கு 0.03 பைக்கோகூலூம் என்றால், ஒரு மணி நேரத்தில் பிழை 27 நியூட்டன் ஆகிவிடும். 100 நியூட்டனை அளப்பவருக்கு அது பேரிழப்பு. ஆனால் ஒரு லட்சம் நியூட்டனைச் சில நிமிடங்கள் அளப்பவருக்கு அது ஒன்றுமே இல்லை. ஆகவே ‘பீசோவால் நிலையான விசையை அளக்கவே முடியாது’ என்று ஒரேயடியாகச் சொல்வதும் தவறு. எவ்வளவு விசை, எவ்வளவு நேரம் என்று கேட்கவேண்டும்.

இதே குணத்தில் ஒரு பெரிய நன்மையும் இருக்கிறது. பிரஸ் எந்திரம் பத்தாயிரம் நியூட்டன் சுமையைத் தாங்கி நிற்கும்போது பெருக்கியைச் சுழிக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன்மேல் வரும் சில நியூட்டன் மாற்றத்தைத் துல்லியமாகப் பார்க்கலாம். பெரிய சுமைக்கு மேல் வரும் சிறிய மாற்றத்தைத் தனியே பிரித்துக் காட்டுவதில் பீசோவுக்கு இணை குறைவு.

லாரி ஓடிக்கொண்டிருந்தால் நிலைமை மாறுகிறது. சாலையின் மேற்பரப்பில் பதிக்கும் நீண்ட குவார்ட்ஸ் உணரிகளைக் கிஸ்ட்லர் நிறுவனம் 1990களில் கொண்டுவந்தது. சக்கரம் மேலேறி இறங்கும் அந்தச் சிறு நேரத்தில் அச்சுச்சுமை பதிவாகிவிடும், வண்டியை நிறுத்தவேண்டியதில்லை.

கோவையிலிருந்து ஓர் எந்திரவியல் ஆசிரியர்: ஒரே உணரி மூன்று திசைகளிலும் விசையை அளக்கிறது என்கிறார்கள். ஒரு படிகத் தகடு எப்படி மூன்று திசைகளைப் பிரித்தறியும்?

ஒரு தகடு பிரிப்பதில்லை. வெவ்வேறு திசைகளில் வெட்டப்பட்ட தகடுகள் தத்தம் பங்கைச் செய்கின்றன. குவார்ட்ஸ் படிகத்தை ஒரு திசையில் வெட்டினால் நேரழுத்தத்துக்கு மட்டும் பதில் தரும். வேறொரு திசையில் வெட்டினால் பக்கவாட்டில் இழுக்கும் சறுக்கு விசைக்கு மட்டும் பதில் தரும். நேரழுத்தத்துக்கு ஒரு ஜோடி, சறுக்கு விசைக்கு ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பிவைத்த இரண்டு ஜோடிகள் என அடுக்கினால் மூன்று திசைகளும் தனித்தனிக் கம்பிகளில் வெளிவரும். ஜோடியாக வைப்பதற்கும் காரணம் உண்டு. விசை இரு தகடுகளின் வழியாகவும் முழுதாகக் கடந்து செல்கிறது. மின்னூட்டமோ நடுவில் உள்ள மின்முனையில் ஒன்றுசேர்கிறது. ஆகவே ஒரே விசைக்கு இரட்டிப்பு மின்னூட்டம்.

இந்த அடுக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு தடித்த வாஷர் போலத்தான் இருக்கும். உள்ளே கண்ணாடி மெருகுக்குத் தேய்த்த குவார்ட்ஸ் வளையங்கள், அவற்றிடையே மெல்லிய மின்முனைத் தகடுகள், சுற்றிலும் காற்றுப் புகாமல் வெல்டிங் செய்த எஃகு உறை. இதை அப்படியே விசைப்பாதையில் வைத்துவிட்டால் வேலை நடக்காது. நடுவில் ஒரு போல்ட்டைச் செலுத்திப் பெரும் விசையில் இறுக்கவேண்டும். பக்கவாட்டு விசை ஒரு தகட்டிலிருந்து அடுத்ததற்கு உராய்வின் மூலமே கடத்தப்படுகிறது. இறுக்கம் போதாவிட்டால் தகடுகள் சறுக்கிவிடும். மேலும், இறுக்கி வைத்த அடுக்கில் இழுவிசையையும் அளக்கலாம், ஏனெனில் இழுவிசை அங்கே இறுக்கத்தின் குறைவாக மட்டுமே தெரியும். படிகத்தை வாங்கிவிட்டோம் என்று மகிழ்ந்து, பொருத்தும் மேற்பரப்பைச் சமமாகத் தேய்க்காமல் விட்டுவிடும் இடங்களில் முடிவுகள் ஏமாற்றுவதற்கு இதுவே முதற்காரணம்.

இத்தகைய உணரிகள் நான்கை ஒரு தட்டின் நான்கு மூலைகளில் வைத்தால், கடைசல் எந்திரத்தில் வெட்டுவிசையை அளக்கும் மேடை கிடைக்கும். அதையே பெரிதாக்கி மனிதர் மேலே நடக்கும்படி செய்தால், காலடி தரையை எந்தத் திசையில் எவ்வளவு தள்ளுகிறது என்பதும், அழுத்தத்தின் மையம் எங்கே நகர்கிறது என்பதும் தெரியும். சூரிச் தொழில்நுட்பக் கழகத்தின் உடலியக்க ஆய்வகத்துக்காக 1969இல் கிஸ்ட்லர் செய்த விசைத்தட்டு இந்த வகையில் வணிக முறையில் வந்தவற்றுள் முதலாவது. எஞ்சினுக்காகத் தொடங்கிய தொழில்நுட்பம் இப்படித்தான் விளையாட்டு வீரரின் தாவலையும், பக்கவாதத்திலிருந்து மீள்பவரின் தடுமாறும் நடையையும் அளக்க வந்தது. மாணவர்களிடம் இதைச் சொல்லிக்கொடுங்கள். பாடநூலில் இதற்கு இடம் இருப்பதில்லை.

ஓசூரிலிருந்து எஞ்சின் சோதனைப் பிரிவில் பணிபுரிபவர்: எரியறைக்குள் தீச்சுவாலை 2000 டிகிரியைத் தாண்டுகிறது. உணரி எப்படி உயிர்பிழைக்கிறது? எவ்வளவு சூடுவரை நம்பலாம்?

சுவாலையின் வெப்பநிலை அவ்வளவு இருந்தாலும் அது ஒரு சுழற்சியில் சிறிது நேரமே நீடிக்கிறது. உணரியின் உடல் அவ்வளவு சூடாவதில்லை. முன்பக்கத்தில் இருக்கும் மெல்லிய எஃகுச் சவ்வு அழுத்தத்தைப் படிகத்துக்குக் கடத்திவிட்டு வெப்பத்தை உறைக்குத் திருப்பிவிடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு எரிதலின்போதும் சவ்வு ஒரு கணம் விரிந்து, படிகத்தின்மீதான அழுத்தத்தைச் சற்றே தளர்த்தும். அந்தக் கணத்தில் பதிவு உண்மையைவிடக் குறைவாக இருக்கும். சுழற்சிக்குள் ஏற்படும் இந்த வெப்ப அதிர்ச்சிப் பிழைதான் எஞ்சின் ஆய்வில் உணரிகளைத் தரம்பிரிக்கும் உண்மையான அளவுகோல். விலைப்பட்டியலில் உணர்திறனைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

குவார்ட்ஸின் அமைப்பு 573 டிகிரி செல்சியஸில் மாறிவிடும். நடைமுறையில் அதற்கு வெகு முன்பாகவே, சுமார் 350 டிகிரியைத் தாண்டும்போது, வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து படிகத்தின் சில பகுதிகளில் மின்னச்சைத் தலைகீழாகத் திருப்பிவிடக்கூடும். அப்படித் திரும்பிய பகுதியின் மின்னூட்டம் மற்றப் பகுதியின் மின்னூட்டத்தையே அழிக்கும். இதனால் நீண்ட காலம் எஞ்சின் உணரிகளை நீர்ச்சுற்றால் குளிர்வித்தார்கள். பின்பு விடை புதிய படிகங்களிலிருந்து வந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஹான்ஸ் லிஸ்ட் 1948இல் தொடங்கிய ஏ.வி.எல். நிறுவனம், காலியம் ஆர்த்தோபாஸ்பேட் படிகத்தை வளர்த்து உணரிகளில் வைத்தது. அது குவார்ட்ஸின் ஒன்றுவிட்ட தம்பி போன்ற அமைப்புடையது. மின்னூட்டம் ஏறத்தாழ இரட்டிப்பு. 900 டிகிரிக்கு மேலும் அமைப்பு குலையாது. கிஸ்ட்லரும் தன் பங்குக்குச் சொந்தமாகப் புதிய படிகங்களை வளர்த்தது. படிகத்தை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த அளவீட்டு நிறுவனங்கள் தாங்களே படிகம் வளர்க்கத் தொடங்கியது இத்துறையின் பெரிய திருப்பம். போட்டி நிறுவனங்கள் இரண்டும் ஒரே முடிவுக்கு வந்தன என்பது, பொருளறிவு இல்லாமல் கருவி வடிவமைப்பு மட்டும் போதாது என்பதைக் காட்டுகிறது.

அம்பத்தூரிலிருந்து ஒரு தொழில்நுட்பப் பணியாளர்: மழைக்காலம் வந்தால் எங்கள் பீசோ உணரியின் அளவு தானாக ஒரே திசையில் ஏறிக்கொண்டே போகிறது. உணரி பழுதாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. இணைப்பியைப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள உணரி, கேபிள் இரண்டும் சேர்ந்து பத்து லட்சம் கோடி ஓம் அளவுக்கு மின்காப்பைத் தரவேண்டும். இணைப்பியின் வெள்ளை டெஃப்லான் முகத்தில் ஒருமுறை விரல் பட்டால், வியர்வையின் உப்பும் எண்ணெயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகத் தங்கிவிடும். வறண்ட நாளில் அது தொந்தரவு தராது. ஈரக்காற்று வந்ததும் படலம் நீரை உறிஞ்சி, காப்பு நூறு கோடி ஓமுக்குச் சரிந்துவிடும். பெருக்கியின் உள்ளீட்டில் ஒரு மில்லிவோல்ட் அளவு எப்போதும் இருக்கும். அது அந்தப் பாதையில் விநாடிக்கு ஒரு பைக்கோகூலூமைத் தள்ளும். ஒரு பாருக்கு 20 பைக்கோகூலூம் தரும் உணரியில் நிமிடத்துக்கு 3 பார் தானாக ஏறுவதாகத் தோன்றும். நீங்கள் காண்பது இதுவாகவே இருக்கவேண்டும்.

முதலில் கேபிளை உணரியிலிருந்து கழற்றி, பெருக்கியோடு மட்டும் இருக்கும்போது அளவு நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் கோளாறு கேபிளிலோ பெருக்கியிலோ உள்ளது. கேபிளையும் கழற்றினால் எது என்று தெரிந்துவிடும். இணைப்பியின் முகங்களைத் தூய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நார் உதிராத துணியும் கொண்டு துடைத்து, நன்கு உலரவிட்டுப் பொருத்துங்கள். வாயால் ஊதக்கூடாது, மூச்சில் ஈரம் இருக்கிறது. சாதாரண மல்டிமீட்டரை வைத்துக் காப்பைச் சோதிக்காதீர்கள். அவ்வளவு உயர்ந்த மின்தடை அதற்கு எட்டாது. இதற்கென்றே உள்ள காப்புமானியை, உணரிக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த மின்னழுத்தத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். கழற்றிய கணமே மூடியைப் போட்டுவிடுவது எல்லாவற்றிலும் மலிவான பராமரிப்பு.

இன்னொன்று: அவசரத்துக்குக் கிடைத்த சாதாரண கோஆக்சியல் கேபிளை மாட்டாதீர்கள். அது ஆடும்போது காப்பும் கம்பிவலையும் உரசி, தாமே மின்னூட்டத்தை உண்டாக்கும். பீசோவுக்கான கேபிளில் காப்பின்மேல் கிராஃபைட் பூச்சு இருக்கும். அந்த உரசல் மின்னூட்டத்தை அது அங்கேயே கடத்தி அடக்கிவிடும்.

மதுரையிலிருந்து ஒரு பள்ளி மாணவர்: இந்தக் குவார்ட்ஸ் எல்லாம் சுரங்கத்திலிருந்து வருகிறதா?

ஒருகாலத்தில் வந்தது, குறிப்பாகப் பிரேசிலிலிருந்து. இன்று தொழிலுக்கான குவார்ட்ஸ் பெரும்பாலும் வளர்க்கப்படுகிறது. தடித்த எஃகுக் கலனுக்குள் காரக் கரைசலை நிரப்பி, 350 டிகிரிக்கு மேலான சூட்டிலும் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்திலும் வைப்பார்கள். அடியில் உள்ள குவார்ட்ஸ் துண்டுகள் கரைந்து, மேலே சற்றுக் குளிர்ந்த பகுதியில் தொங்கும் விதைத்தகடுகளின்மேல் படியும். படிகம் முழு அளவுக்கு வளரப் பல வாரங்கள் ஆகும். பிறகு எக்ஸ் கதிரால் அதன் அச்சுத் திசையைக் கண்டறிந்து, தேவையான கோணத்தில் தகடுகளாக வெட்டுவார்கள். உன் கைக்கடிகாரத்தில் இருப்பதும் இப்படி வளர்ந்ததே.

விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர்: மக்கள் நடக்கும் இடங்களில் பீசோ தரை அமைத்து மின்சாரம் எடுக்கலாமே?

எடுக்கலாம், எவ்வளவு என்று கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 60 கிலோ எடையுள்ளவர் மிதிக்கும்போது தரை 5 மில்லிமீட்டர் அமுங்கினால் கிடைக்கும் ஆற்றல் 3 ஜூல். அதில் ஒரு துளிகூட வீணாகவில்லை என்றே வைத்தாலும், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 12 லட்சம் காலடிகள் வேண்டும். உண்மையில் கிடைப்பது அதில் ஒரு பகுதியே. டோக்கியோ ரயில் நிலையத்தில் ஜே.ஆர். ஈஸ்ட் நிறுவனம் 2006 முதல் இதைச் சோதித்துப் பார்த்தது. பேட்டரி இல்லாமல் ஒரு சிறு உணரியை இயக்க இந்த மின்சாரம் உதவும். தெருவிளக்குகளுக்கு வேறு வழி பார்ப்பதே நல்லது.

சென்னையிலிருந்து ஒரு பெண் பொறியாளர்: புதிதாக அதிர்வு உணரிகள் வாங்கவேண்டும். உள்ளேயே மின்சுற்று அமைந்த வகையா, மின்னூட்டத்தை நேரடியாகத் தரும் வகையா?

உள்ளேயே சுற்று அமைந்த வகையைப் பரவலாக்கியதில், பஃபலோ பகுதியில் 1967இல் ராபர்ட் லாலி, ஜேம்ஸ் லாலி ஆகிய சகோதரர்கள் தொடங்கிய பி.சி.பி. பீசோட்ரானிக்ஸ் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. படிகத்தின் அருகிலேயே ஒரு நுண்பெருக்கி இருப்பதால், மேலே அம்பத்தூர் நண்பருக்குச் சொன்ன காப்புத் தொல்லை உணரியின் மூடிய உறைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது; சாதாரண கேபிள் போதும், ஈரமும் தூசும் உள்ள தளத்திலும் நெடுந்தூரம் கொண்டுசெல்லலாம். மோட்டார், பம்ப், கியர்பெட்டி ஆகியவற்றின் அதிர்வைக் கண்காணிக்க இதையே வாங்குங்கள்.

உணரி அமரும் இடத்தின் வெப்பநிலையை மட்டும் முதலில் அளந்துவிடுங்கள். உள்ளிருக்கும் மின்சுற்று பொதுவாக 120 டிகிரி அளவில்தான் தாக்குப்பிடிக்கும். அதைவிட அதிகம் தாங்கும் சிறப்பு வகைகள் உண்டு என்றாலும் அவற்றுக்கும் எல்லை அருகிலேயே இருக்கிறது. மேலும் அளவெல்லையும் கசிவு நேரமும் தயாரிப்பின்போதே நிலைத்துவிடுவதால், பிறகு உங்கள் விருப்பப்படி மாற்ற முடியாது. டர்பைன் உறை, புகைபோக்குக் குழாய் போன்ற சூடான இடமாக இருந்தாலோ, மெதுவாக மாறும் விசையை நிமிடக்கணக்கில் பார்க்கவேண்டியிருந்தாலோ, மின்னூட்டம் தரும் வகையையும் தனிப் பெருக்கியையும் வாங்கி, கேபிளுக்கும் இணைப்பிக்கும் தனியாகப் பணம் ஒதுக்கிவையுங்கள்.